ரஜூலா வந்து நின்ற ஸ்டூடியோ

படாளத்தில் கடல் கிடையாது. வடக்கே பாலாறு, தெற்கே மதுராந்தகம் ஏரி, மேற்கே போனால் வேடந்தாங்கல், ஊருக்கென்று சொல்லிக்கொள்ளக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. அரவைக் காலத்தில் கூட்டு ரோடு முழுக்கக் கரும்பு வண்டி நிற்கும். காற்றில் பாகு வாசம் அடிக்கும். கடலைப் பார்க்க வேண்டுமானால் திருக்கழுக்குன்றம் தாண்டிச் சதுரங்கப்பட்டினத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ போக வேண்டும். அப்படியிருந்தும் எங்கள் பக்கத்து வீடுகள் சிலவற்றில், கூடத்துச் சுவரில், ஏரிகாத்த ராமர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் படம் மாட்டியிருக்கும். கப்பல் தனியாக இருக்காது. முன்னால் முழுக்கைச் சட்டையோடு ஒருவர் நிற்பார். சில படங்களில் அவர் மனைவியும் நிற்பார். சிலவற்றில் பெற்ற தாய்.

அவர்களில் பலர் அந்தக் கப்பலில் கால் வைத்ததே இல்லை. சிலர் கடலையே பார்த்ததில்லை. அவர்களும் கப்பலும் ஒன்றாக நின்றது மதுராந்தகத்து ஸ்டூடியோ ஒன்றின் இருட்டறையில்தான். எழுபதுகளில் நான் அங்கே மாஸ்டரிடம் எடுபிடியாகச் சேர்ந்து டச்சிங் பழகினேன். அந்தப் படங்களில் சிலவற்றை வெட்டி ஒட்டியதும், இப்போது கம்ப்யூட்டரில் அதே கப்பலை ஓட வைத்துக்கொண்டிருப்பதும் இந்தக் கைதான். "அதெல்லாம் ஒட்டுப் படம்தானே, பொய்தானே" என்று பிள்ளைகள் அவற்றைக் கழற்றிப் பரணில் போடுவதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை.

கப்பலின் பெயர் ரஜூலா. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக 1926இல் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் தளத்தில் கட்டியது. கரும் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டை. தூரத்திலிருந்து பார்த்தாலும் இன்ன கம்பெனிக் கப்பல் என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் வழியாகச் சிங்கப்பூர் போகும். கட்டிய காலத்தில் டெக் பயணிகள் மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. டெக் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாயை விரித்து, டிரங்குப் பெட்டியை எல்லையாக வைத்து, அந்த இடமே ஒரு வாரத்துக்கு வீடு. ரஜூலாவுக்கு ரோனா என்று ஒரு ஜோடிக் கப்பல் இருந்தது. அதுவும் இதே வழியில் ஓடியதுதான். 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் படைவீரர்களை ஏற்றிப் போகும்போது ஜெர்மன் விமானம் ஏவிய குண்டில் மூழ்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் அதோடு போனார்கள். ரஜூலா போரிலிருந்து மீண்டு வந்து, மறுபடியும் பாயும் பெட்டியுமாக எங்கள் சனங்களை ஏற்றியது.

என் சின்னத் தாத்தா மலாயாவுக்குப் பால்மரம் வெட்டப் போனது இந்த வழியில்தான். கங்காணி வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்த காலம் அது. ஆவடியில் ஒரு முகாம், நாகப்பட்டினத்தில் ஒரு முகாம். அங்கே வைத்து உடம்பு சோதித்து, அம்மை குத்தி, கப்பலேற்றுவார்கள். 1938இல் இந்திய அரசு அப்படி ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. அதற்கு முன்பே போனவர் தாத்தா. ஆயா அவரைப் பற்றிப் பேசும்போது, "கப்பக்காரன்" என்றுதான் சொல்லும். பேர் சொல்லாது. வருசத்துக்கு ஒரு கடிதம், இரண்டு வருசத்துக்கு ஒரு கோடாலித் தைலம், ஒரு கைலி. ஆள் வரவில்லை.

ஸ்டூடியோவில் மூன்று ஸ்கிரீன் இருந்தன. ஒன்றில் மாளிகைப் படிக்கட்டு, ஒன்றில் நிலாவும் ஏரியும், ஒன்றில் கப்பல். சினிமா பேனர் வரைகிறவர் எழுதிக் கொடுத்த திரைகள். கப்பல் திரைக்கு முன்னால் வைக்க மரத்தில் செய்த கைப்பிடிக் கம்பியும், ஓர் உயிர்காப்பு வளையமும் தனியாக உண்டு. திருவிழா நாளில் புதுச் சட்டையோடு வரும் இளவட்டங்கள் கப்பல் திரையைத்தான் கேட்பார்கள். அது ஆசைப் படம். அதில் எங்களுக்கு வேலை அதிகமில்லை. விளக்கைச் சரி பண்ணி, தாடையை நிமிர்த்தி, "அசையாம" என்று சொன்னால் முடிந்தது.

கடிதத்தோடு வருகிறவர்கள் வேறு. உறைக்குள் அக்கரையிலிருந்து வந்த பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்று இருக்கும். கருங்குழிப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். நல்ல புடவை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து, படத்தை முந்தானையில் முடிந்து எடுத்து வந்திருந்தார். மகன் மலேசியாவில் கிள்ளானில் இருந்தார். மாஸ்டரிடம் கேட்டது எனக்கு இன்னும் அப்படியே காதில் இருக்கிறது: "ஏம்பா, எம்புள்ள பக்கத்துல என்ன நிக்க வச்சுடு. பின்னால கப்பல் இருக்கட்டும். வந்து எறங்கின மாதிரி இருக்கட்டும்."

பாஸ்போர்ட் படத்தில் மார்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது. உடம்பு வேண்டும். மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஸ்டூடியோவில் தொங்கும் கோட்டைப் போட்டுக்கொண்டு நான் அந்த அம்மாவுக்கு வலப்பக்கம் நின்றேன். மகனின் முகத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்திருந்தது. அதனால் எங்களுக்கும் விளக்கை இடப்பக்கம் வைத்தார். அதைக் கவனிக்காமல் விட்டால், எவ்வளவு நுணுக்கமாக வெட்டி ஒட்டினாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு ஏதோ உறுத்தும், என்னவென்று சொல்லத் தெரியாது. அந்த அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விளக்கு அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை.

அடுத்தது இருட்டறை வேலை. மகனின் படத்தை மறுபடி காப்பி எடுத்து, என் கழுத்தின் அளவுக்குத் தலை பொருந்துகிற மாதிரி என்லார்ஜரில் பெரிதாக்கிப் பிரிண்ட் போடுவார். பாதி பிளேடால் தலையை வெட்டுவார். வெட்டும்போது பிளேடை நேராகப் பிடிக்கக் கூடாது. உள்பக்கம் சரித்துப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் காகிதத்தின் வெள்ளை விளிம்பு வெளியே தெரியாது. பிறகு பின்பக்கத்தை உப்புத்தாளில் தேய்ப்பார், விளிம்பு வெங்காயத் தோல் மாதிரி ஆகும்வரை. ஒட்டியதும் சந்து தெரியும் இடத்தில் மெல்லிய தூரிகையால் சாம்பல் நிறம் தொட்டு வைப்பார். அதுதான் டச்சிங். காலுக்குக் கீழே நிழல் எழுதுவது கடைசி வேலை. நிழல் இல்லாவிட்டால் ஆள் அந்தரத்தில் மிதப்பார். எல்லாம் முடிந்ததும் அந்த ஒட்டுப் படத்தையே திரும்பக் கேமராவில் எடுத்து, புது நெகட்டிவ் ஆக்கி, ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' பேப்பரில் பிரிண்ட் போட்டால், ஒட்டியது என்று விரலால் தடவினாலும் தெரியாது.

கப்பலுக்கு ஒரே ஒரு மூலப் படம்தான். யாரோ பினாங்கிலிருந்து அனுப்பிய ரஜூலா தபால் அட்டை. அதை வைத்துத்தான் எல்லா வீட்டுக் கப்பலும். "கடல் கோடு ஆளோட கண்ணுக்கு நேரா வரணும்டா" என்பார் மாஸ்டர். தரையில் நிற்கிறவர் கண்மட்டத்தில் வைத்து எடுத்த படமென்றால், அடிவானமும் அந்த மட்டத்தில்தான் விழும். அது அவர் படித்துத் தெரிந்துகொண்டதல்ல, மாமல்லபுரத்தில் டூரிஸ்டுகளைப் படம் எடுத்துத் தெரிந்துகொண்டது. கப்பலில் கொடி வலப்பக்கம் பறந்தால் புகையும் வலப்பக்கம்தான் போக வேண்டும், அந்த அம்மாவின் முந்தானையும் இடப்பக்கம் பறக்கக் கூடாது. ஒரே காற்று எல்லாருக்கும் அடிக்க வேண்டும் என்பார்.

மாமல்லபுரத்தில் கத்தரிக்கோல் இல்லாமலே இந்த வித்தை நடக்கும். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டைக்கு முன்னால் கையை நீட்டி நிற்கச் சொல்லி, கேமராவைத் தாழ்த்திப் பிடித்தால், அவ்வளவு பெரிய பாறையை ஒரு பள்ளிக்கூடப் பையன் தாங்கிக்கொண்டு நிற்பான். அந்தப் படத்தை யாரும் பொய் என்று சொல்வதில்லை. கடல் படங்களிலேயே ஒட்டு வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1850களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து, அடிவானத்தில் இரண்டையும் சேர்த்துப் பிரிண்ட் போட்டார். அந்தக் கால நெகட்டிவ் நீல ஒளியை அதிகம் வாங்கிக்கொள்ளும். கடலுக்குச் சரியாக எடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். கண் பார்த்ததைப் படத்தில் கொண்டுவர அவருக்கு வேறு வழி இல்லை. எங்கள் மாஸ்டருக்கும் இல்லை. தாய் இங்கே, மகன் அங்கே, கப்பல் நடுக்கடலில்.

மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துப் பாறையில் ஏறி நின்று, தூரத்தில் போகும் கப்பலைப் பார்த்திருக்கிறேன். 1904இலிருந்து எரியும் விளக்கு அது. அதற்கு முன்னால் பக்கத்துக் குன்றின் மேலிருக்கும் ஓலக்கணேசுவரர் கோயிலையே விளக்காக வைத்திருந்தார்கள். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் போகிற ரஜூலா எங்கள் கரையோரமாகத்தான் தெற்கே இறங்கியிருக்கும். சின்னத் தாத்தா இரவில் டெக்கில் உட்கார்ந்து இந்த விளக்கைப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அப்படிப் பார்த்திருந்தால், அவருக்கும் ஊருக்கும் நடுவில் அப்போது ஒரு நாள் மாட்டுவண்டித் தூரம்தான்.

1973இல் ரஜூலா இந்த வழியை விட்டது. இந்தியக் கப்பல் கழகம் வாங்கி 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது. மறு வருசமே உடைத்துவிட்டார்கள். ஸ்டூடியோச் சுவரில் மட்டும் அது நின்றுவிடவில்லை. நான் சேர்ந்த பிறகும் ரஜூலாவைக் கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள். அது இல்லை, இப்போது 'சிதம்பரம்' என்று புதுக் கப்பல் ஓடுகிறது என்று சொன்னால், "எங்கூட்டுக்காரரு போன கப்பலே இருக்கட்டும்" என்பார்கள்.

எம்.வி. சிதம்பரம் அழகான கப்பல். 1966இல் பிரான்சில் டன்கர்க்கில் 'பாஸ்தர்' என்ற பெயரில் கட்டி, தென் அமெரிக்கா வழியில் ஓட்டியது. பிறகு நம் கப்பல் கழகம் வாங்கிச் சென்னை–சிங்கப்பூர் வழியில் விட்டது. அதில் வந்து இறங்குகிறவர்கள் டேப் ரிக்கார்டரும் நைலக்ஸ் புடவையும் மைலோ டப்பாவும் கொண்டு வந்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் கூட்டு ரோட்டில் ஒரு டாக்ஸி நின்று, மேலே கட்டிய பெட்டிகளை இறக்கினால், கப்பல் வந்துவிட்டது என்று ஊருக்கே தெரியும். 1985 பிப்ரவரி 12ஆம் தேதி, சென்னையை நோக்கி வரும் வழியில் அதில் தீப்பிடித்தது. பலர் இறந்தார்கள். அந்தக் கப்பல் பிறகு பயணிகளை ஏற்றவில்லை, உடைக்கப் போய்விட்டது. அதோடு இந்த வழியில் ஆள் போகும் கப்பலும் நின்றது. ஸ்டூடியோவில் கப்பல் திரையைச் சுருட்டி வைத்து, விமானத் திரை எழுதி வாங்கினோம்.

கலர் வந்தது, லேப் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. பிளேடு செய்ததை மவுஸ் செய்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்யாண ஆல்பத்தில் மணமக்களைத் தாஜ்மகாலுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் கூட்டிப் போனோம், சோறு கிடைத்தது.

கப்பலை மறுபடி எடுத்தது சின்னத் தாத்தாவின் பேரனால். கிள்ளானில் வீட்டு விசேஷம் ஒன்றுக்குத் திரையில் போட, தாத்தா வந்த கப்பல் ஓடுகிற மாதிரி ஒரு சிறு படம் கேட்டார். அதே தபால் அட்டையை ஸ்கேன் செய்து உட்கார்ந்தேன். முதலில் அட்டையை அடுக்கடுக்காகப் பிரிக்க வேண்டும்: வானம் ஓர் அடுக்கு, கப்பல் ஓர் அடுக்கு, கடல் ஓர் அடுக்கு, முன்னால் தோணிகள் இருந்தால் அவை ஓர் அடுக்கு. கப்பலைத் தூக்கிய இடத்தில் ஓட்டை விழும். அங்கே வானத்தை எழுதி நிரப்ப வேண்டும். பிறகு ஒவ்வோர் அடுக்கையும் ஒவ்வொரு வேகத்தில் நகர்த்தினால், பக்கத்தில் இருப்பது வேகமாகவும் தூரத்தில் இருப்பது மெதுவாகவும் போய், தட்டையான அட்டைக்குள் ஆழம் வந்துவிடும். ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் கண்டதுதான்.

கடினமானது கப்பலின் கனம். ரஜூலா 140 மீட்டருக்கு மேல் நீளம். மணிக்கு 12 கடல் மைல் என்று வைத்துக்கொண்டால்கூட, தன் நீளத்தைத் தானே தாண்ட இருபது வினாடிக்கு மேல் ஆகும். நொடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்) என்ற கணக்கில் ஐந்நூறு சட்டங்களுக்கு மேல். பொறுமை இல்லாமல் ஐந்து வினாடியில் கடக்க விட்டால், அது தொட்டியில் விட்ட பொம்மையாகிவிடும். அலையும் அப்படித்தான், அலை பெரிதானால் கப்பல் சிறிதாகும். சினிமாவில் மினியேச்சர் கப்பலைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டுப் படமெடுக்கும்போது கேமராவை வேகமாக ஓட்டுவது இதற்குத்தான். திரையில் எல்லாம் மெதுவாக நடந்தால்தான் தண்ணீருக்கும் இரும்புக்கும் கனம் வரும். மூக்குக்கு முன்னால் நுரை கிழிய வேண்டும், பின்னால் தடம் விரிய வேண்டும், புகை கொஞ்சம் பின்தங்க வேண்டும். ஒரே காற்று எல்லாருக்கும் அடிக்க வேண்டும் என்ற மாஸ்டர் பாடம் இங்கேயும் செல்லும்.

வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் வின்சர் மெக்கே செய்த படத்தைப் பார்த்தேன். 1915 மே 7ஆம் தேதி லூசிட்டேனியா என்ற பயணக் கப்பலை அயர்லாந்துக் கரையருகே ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. ஆயிரத்து இருநூறு பேர் அளவில் இறந்தார்கள். கப்பல் மூழ்கியதை யாரும் படம் எடுத்திருக்கவில்லை. அமெரிக்காவில் பத்திரிகை ஓவியராக இருந்த மெக்கே, அதைக் கையால் வரைந்தே அசைவுப் படமாக்கினார். ஏறத்தாழ 25,000 ஓவியங்கள் என்பார்கள். 1918இல் வெளியானது. இன்றும் பாருங்கள்: புகை சுருண்டு எழுவதும், கப்பல் சாய்வதும், கயிற்றில் படகுகள் இறங்குவதும் கணக்காக இருக்கிறது. கேமரா இல்லாத இடத்தில் நடந்ததற்குக் கை சாட்சி சொல்லியிருக்கிறது. சிதம்பரம் தீப்பிடித்ததை நான் அப்படி வரையப் போவதில்லை. எனக்கு மனசு வராது. ஆனால் தம் ஆட்களை ஏற்றிப் போன கப்பலை ஓடுகிறபடி ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்ற ஆசை எவ்வளவு பெரியது என்பது அந்தப் படத்தைப் பார்த்தால் தெரியும்.

என் ரஜூலா ஓடியது. பார்த்தால் டெக் காலியாக இருந்தது. ரஜூலாவின் டெக் எந்த நாளும் காலியாக இருந்ததில்லை. அதனால் என்னிடம் மிஞ்சியிருந்த ஸ்டூடியோ நெகட்டிவ்களிலிருந்து ஆட்களை எடுத்து, கைப்பிடிக் கம்பி ஓரமாக நிற்க வைத்தேன். கருங்குழி அம்மாவும் நிற்கிறார்.

இப்போது கைபேசியிலேயே பழைய படத்தைக் கொடுத்தால் செத்துப் போனவர் கண் சிமிட்டுகிறார், தலையைத் திருப்பிச் சிரிக்கிறார். கிள்ளான் பேரனும் கேட்டார், "மாமா, டெக்ல நிக்கிறவங்கள சிரிக்க வைக்க முடியுமா?" முடியும். நான் செய்யவில்லை. கப்பல் எப்படி நகர்ந்திருக்கும் என்பதற்கு நீளமும் வேகமும் கணக்குச் சொல்லும். ஓர் அம்மா எப்படிச் சிரிப்பார் என்பதற்குக் கணக்கு எதுவும் சொல்லாது. அதை அறிந்தவர் மகன் ஒருவர்தான். அந்த அம்மா எங்களிடம் கேட்டது, மகன் பக்கத்தில் நிற்க வைக்கச் சொல்லித்தான். கேட்டதைச் செய்தோம். கேட்காத சிரிப்பை அவர் முகத்தில் ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை. அன்று செய்த ஒட்டு வேலைக்கும் இன்று நடக்கும் இந்த வேலைக்கும் வித்தியாசம் அதுதான். இரண்டையும் ஒன்றென்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எங்கள் ஸ்டூடியோ மூடியபோது நெகட்டிவ் பெட்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. நான் எடுத்து வைத்தது கொஞ்சம். தமிழ்நாடு முழுக்க இதே கதைதான். கண்ணாடித் தகடுகளைக் கழுவிக் கண்ணாடியாக விற்றார்கள், ஃபிலிமை அதிலிருக்கும் வெள்ளிக்காக விற்றார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. நல்ல வேலை. ஆனால் எந்த நிறுவனமும் உங்கள் வீட்டுப் பரணுக்கு ஏறி வராது.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ரஜூலா ஆனாலும் சிதம்பரம் ஆனாலும், வீட்டில் ஒரு கப்பல் படம் இருந்தால் இறக்கிப் பாருங்கள். லேமினேஷன் போடாதீர்கள், போட்டால் பிறகு பிரிக்க முடியாது. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல் கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தாமல், மென்மையான பென்சிலால் எழுதுங்கள்: நிற்கிறவர் யார், எந்த ஊர், எந்த வருசம், எந்தக் கப்பல். ஒட்டிச் சேர்த்த படமென்றால் அதையும் எழுதுங்கள், யார் கேட்டுச் செய்தது என்பதோடு. வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால் இந்த வாரமே கேட்டு எழுதிவிடுங்கள்.